ஆப்டோமெட்ரி: விண்ணப்பத்துக்கு முன் இயற்பியலைத் தூசு தட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கல்வி இணைப்பில், துணை மருத்துவப் படிப்புகள் பற்றிய பட்டியலில் பி.ஆப்டம் (இளநிலை ஆப்டோமெட்ரி) படிப்புக்கு இரண்டு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. "கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் படிப்பு, உயிரியலில் ஆர்வம் இருந்தால் போதும்" என்பது அதன் சாரம். அதை நம்பி விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திணறுவதை வகுப்பறையில் தொடர்ந்து பார்க்கிறவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறோம். நீட் மதிப்பெண் கைகொடுக்காததால் கடைசி நேரத்தில் தேடப்படும் படிப்புகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. அப்படி வருவதில் தவறில்லை. எதற்குள் நுழைகிறோம் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். கண் டாக்டர் என்று நாம் சொல்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். அறுவை சிகிச்சை அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளப்பவர். கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் பரிந்துரை, மாறுகண் பயிற்சி, குறைபார்வை உள்ளவர்களுக்கான கருவிகள், கண்நோயை முன்கூட்டியே கண்டு டாக்டரிடம் அனுப்புவது ஆகியவை இவருக்கு உரியவை. ஆப்டீஷியன், எழுதிக் கொடுத்த பவருக்குக் கண்ணாடி செய்து பொருத்துபவர். நேர்முகத் தேர்வு நடத்தும் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் கேள்வியே இந்த மூவருக்கும் என்ன வேறுபாடு என்பதுதான். "மூணும் ஒண்ணுதானே சார்" என்று பதில் சொல்லும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி இயற்பியல். முதலாண்டில் வடிவியல் ஒளியியலும் அதன் பின் கண்ணின் ஒளியியலும் வரும். இரண்டுக்கும் வேர் பிளஸ் டூ இயற்பியல் இரண்டாம் தொகுதியில் உள்ள 'கதிர் ஒளியியல்' பாடம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து கடந்த அந்தப் பாடத்தைக் கல்லூரி தொடங்கும் முன் மறுபடி எடுத்து, குறியீட்டு மரபு, லென்ஸ் சமன்பாடு, லென்ஸின் திறன், முப்பட்டகம் ஆகிய நான்கையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வழுக்கி விழும் முதல் இடம் கூட்டல் கழித்தல் குறி. குவியத் தொலைவு மீட்டரில் இருந்தால் அதன் தலைகீழ்தான் டயாப்டர். 50 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸ் +2.00, அதே தொலைவுள்ள குழிலென்ஸ் −2.00. பரீட்சையில் குறி மாறினால் அரை மதிப்பெண் போகும். கிளினிக்கில் குறி மாறினால் கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி போய்ச் சேரும்.

எந்த மாதிரிக் கணக்கு வரும் என்று காட்ட இரண்டு உதாரணம். −2.00 ஸ்பியர் (எல்லாத் திசையிலும் ஒரே பவர்), −1.00 சிலிண்டர் (சிதறல் பார்வைக்காக ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்), 180 ஆக்சிஸ் (அந்தச் சிலிண்டர் நிற்கும் கோணம்) என்று எழுதிய பவரைக் கூட்டல் சிலிண்டர் முறையில் மாற்றி எழுதச் சொல்வார்கள். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் −3.00, சிலிண்டரின் குறியை மாற்றினால் +1.00, ஆக்சிஸை 90 பாகை திருப்பினால் 90. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அவசரத்தில் ஆக்சிஸைத் திருப்ப மறந்துவிட்டால், சிதறல் பார்வை சரியாவதற்குப் பதில் இரட்டிப்பாகும்.

அடுத்தது, லென்ஸின் மையம் கண்பாவைக்கு நேராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு. விலகலைச் செ.மீ. அளவில் எடுத்து லென்ஸின் பவரால் பெருக்க வேண்டும். −4.00 லென்ஸ் 5 மி.மீ. விலகியிருந்தால் 0.5 × 4, அதாவது 2 பிரிசம் டயாப்டர் (லென்ஸ் முப்பட்டகம்போல் ஒளியை விலக்கும் அளவு). இரு பாவைகளுக்கும் இடையே 60 மி.மீ. உள்ளவருக்கு 70 மி.மீ. என்று அளந்து கண்ணாடி போட்டால் ஒவ்வொரு கண்ணிலும் இந்த 2 பிரிசம் உட்கார்ந்துகொள்ளும். அட்டையில் கடைசி வரி வரை தெளிவாகப் படிப்பார். மாலையானால் தலைவலி என்பார். பவர் தவறு என்று நினைத்து மூன்று முறை மாற்றிக் கொடுத்தும் தீராத தலைவலிக்கு ஒரு மி.மீ. ஸ்கேலில் விடை இருக்கும்.

தாவரவியல், விலங்கியல் எடுத்துக் கணிதம் படிக்காமல் வரும் 'பியூர் சயின்ஸ்' மாணவர்கள் பயப்பட வேண்டாம். கால்குலஸ் பெரிதாகத் தேவைப்படாது. பின்னம், தசமம், கோணம், சைன்–டேன் ஆகியவை சரளமாக வந்தால் போதும். பார்வை அட்டையின் 6/6 எழுத்து 6 மீட்டர் தொலைவில் 5 கலை கோணத்தை ஏற்படுத்தும். ஒரு பாகையில் 60 கலை. அந்த எழுத்தின் உயரம் எத்தனை மி.மீ. என்று கேட்டால் 8.7 என்று கணக்கிடத் தெரிய வேண்டும். பவர்கள் கால் கால் டயாப்டராக ஏறி இறங்கும் என்பதால் 0.25, 0.50, 0.75 கூட்டல் கழித்தல் தாளில்லாமல் வர வேண்டும். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது கைபேசியில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கணிதப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு நேர்மாறான தேவை. பிளஸ் ஒன் விலங்கியலில் நரம்பு ஒருங்கிணைப்புப் பாடத்தில் உள்ள கண் பகுதியைப் படம் வரைந்து படியுங்கள்.

பாடப் பிரிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில கல்லூரிகள் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம், எது படித்திருந்தாலும் ஏற்கின்றன. சில கல்லூரிகளில் உயிரியல் கட்டாயம். உயிரியல் இல்லாத கணினி அறிவியல் குரூப் மாணவர் விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. விளம்பரத்தில் உள்ளதை விட்டுவிட்டு, அந்தக் கல்லூரி இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் தகுதி விதியைப் படியுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பது முதல் ஆறு மாதம் சுமைதான். பாதிப் பக்கம் ஆங்கிலச் சொல், பாதிப் பக்கம் தமிழ் என்று ஒரு நோட்டுப் போட்டு விழித்திரை, கிட்டப்பார்வை, வெள்ளெழுத்து, கண் நீர் அழுத்தம், புரை என்று ஒரு நூறு சொல்லைக் கோடை விடுமுறையில் எழுதிவிட்டால் உடலமைப்பியல் வகுப்பு பாதி எளிதாகிவிடும். நோயாளியிடம் பேசும் கட்டம் வரும்போது இவர்கள் கைதான் ஓங்கும். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு, மூணு நாளா மின்னல் வேற அடிக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னால், அது விழித்திரை கிழிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். கண்ணாடி சோதனையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். "மணல் விழுந்த மாதிரி உறுத்துது" என்பது பெரும்பாலும் கண் வறட்சி. இந்தப் பேச்சைக் காதில் வாங்கத் தெரிந்தவருக்கு பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கண் முகாமிலோ கண் மருத்துவமனைப் புறநோயாளி பிரிவிலோ இரண்டு நாளாவது அனுமதி பெற்று நின்று பாருங்கள். முகாம் நடத்தும் அமைப்புகளுக்குப் பெயர் பதியவும் வரிசை ஒழுங்குபடுத்தவும் ஆள் எப்போதும் தேவைப்படும். பார்வை அட்டையில் படிக்கச் சொல்லும் மேசைக்கு அருகே நின்றால் நிறையத் தெரியும். பள்ளிப் பிள்ளை ஒரு கண்ணை விரல்களால் மூடிக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்க்கும். உள்ளங்கையைக் குவித்து மூடச் சொல்ல வேண்டும். அழுத்தி மூடினாலும் கையை எடுத்த பிறகு சிறிது நேரம் அந்தக் கண் மங்கலாகத்தான் தெரியும். வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளை முன்னால் போனவன் படித்ததைக் கேட்டு எழுத்துகளை ஒப்பித்துவிடும். அதனால் அட்டையை மாற்ற வேண்டும், அல்லது வரியைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். இடம் போதாமல் நாலு மீட்டரில் நாற்காலியைப் போட்டுவிட்டு ஆறு மீட்டர் அட்டையை மாட்டினால் எல்லோருக்கும் பார்வை 'நன்றாக' இருக்கும். இவையெல்லாம் எரிச்சலாக இல்லாமல் சுவையாகத் தோன்றினால் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். பிறர் இமையைத் தொட்டுத் திருப்ப மனம் கூசுகிறவர்கள், நாள் முழுக்க இருட்டறையில் வேலை செய்ய முடியாதவர்கள் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

மாணவர் கண்ணாடி அணிந்திருப்பது தடையே இல்லை. நிறக்குருடு உள்ளவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் சேர்க்கைக்கு முன் கல்லூரியிடம் உடல்தகுதி விதியைக் கேட்டுவிட வேண்டும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் இரு கண்ணாலும் ஆழம் உணர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இனி கல்லூரித் தேர்வு. கட்டடத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான் அதிகம். இந்தியாவில் நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டப்படிப்புக்கு முன்னோடி, சங்கர நேத்ராலயாவின் கீழ் சென்னையில் 1985-இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி. ஒரு பெரிய கண் மருத்துவமனையின் மடியில் அது வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. இது கையால் கற்கும் படிப்பு. ரெட்டினோஸ்கோப் என்ற கருவியால் கண்ணுக்குள் ஒளிக்கீற்றைச் செலுத்தி, அது நகரும் திசையைப் பார்த்துப் பவரை மதிப்பிடுவார்கள். 66 செ.மீ. தொலைவில் இருந்து செய்தால் கிடைத்த அளவில் அந்தத் தொலைவின் தலைகீழான 1.50 டயாப்டரைக் கழிக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளை ஆர்வத்தில் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்து 50 செ.மீ. தொலைவுக்கு வந்துவிடும். அங்கே கழிக்க வேண்டியது 2.00. ஆனால் பழக்கத்தில் 1.50 கழித்துவிட்டால் விடை +0.50 கூடுதலாக நிற்கும். தோள் சாய்ந்திருக்கிறது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆசிரியர் வேண்டும். நூற்றுக்கணக்கான கண்களைப் பார்க்க நோயாளிகள் வேண்டும். பிளாஸ்டிக் மாதிரிக் கண்ணை வைத்து மூன்று ஆண்டு ஓட்டும் கல்லூரியில் இது வராது.

எனவே கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியவை: கல்லூரிக்குச் சொந்தமாக அல்லது ஒப்பந்தத்தில் கண் மருத்துவமனை உண்டா, எத்தனை கிலோமீட்டர் தள்ளி? ஒரு ஸ்லிட் லேம்புக்கு எத்தனை மாணவர்? கான்டாக்ட் லென்ஸ், குறைபார்வை, குழந்தைகள் கண், இருகண் பார்வை ஆகியவற்றுக்குத் தனித்தனி கிளினிக் நடக்கிறதா, பாடத்தில் மட்டுமா? பாடம் நடத்துபவர்களில் எம்.ஆப்டம் முடித்தவர்கள் எத்தனை பேர்? எந்த ஆண்டிலிருந்து நோயாளியைப் பார்க்க விடுவார்கள்? இன்டர்ன்ஷிப் எங்கே, உதவித்தொகை உண்டா, அதற்கும் கட்டணம் வாங்குவார்களா? கடைசிக் கேள்வியை இறுதியாண்டு மாணவரிடம் தனியாகக் கேளுங்கள். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஓராண்டு முழுக்கக் கண்ணாடிக் கடையில் பிரேம் எடுத்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ரெட்டினோஸ்கோப், ஆப்தால்மோஸ்கோப், டிரையல் பிரேம், பிரிசம் பார் முதலிய கருவிகளை மாணவரே வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். கல்விக் கட்டணத்தில் சேராத பெரிய செலவு இதுதான். இரண்டாமாண்டு தொடங்கும்போது திடீரென்று வந்து நிற்கும். மூத்த மாணவர்களிடம் பழைய கருவி வாங்கலாம். பல்பும் பேட்டரிக் கைப்பிடியும் வேலை செய்கின்றனவா என்று இருட்டறையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அங்கீகாரத்தில் கவனம் தேவை. தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம் 2021-இல் வந்துவிட்டது. ஆப்டோமெட்ரிஸ்ட் அதன் அட்டவணையில் இருக்கிறார். சுகாதாரத் தொழில் வல்லுநர் என்ற தகுதிக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். துணைத் தொழில் வல்லுநர் என்பதற்கே இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரம் வேண்டும். பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் வரும் 'ஆறு மாத ஆப்டோமெட்ரி', 'ஓராண்டு டிப்ளமா' ஆகியவை எந்தக் கணக்கிலும் சேராது. துணை மருத்துவப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் நிறுத்திவிட்டது. இதுவரை வழக்கத்தில் இருந்தது மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும். ஆணையம் பாடத்திட்டங்களைத் திருத்திவருவதால் இந்த ஆண்டு சேருபவர்களுக்கு மொத்தம் எத்தனை ஆண்டு என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, நர்சிங் முதலியவற்றோடு சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் பிளஸ் டூ மதிப்பெண்படி தரவரிசை வெளியிடுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனை சார்ந்த கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். சில இடங்களில் நுழைவுத் தேர்வும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைக் கேட்கும். எய்ம்ஸ் தனித் தேர்வு நடத்தும். ஒன்றுக்காகக் காத்திருந்து மற்றதன் கடைசித் தேதியைத் தவறவிடுவதுதான் வழக்கமான விபத்து. தேதிகளை ஒரே காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சான்றிதழ்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ்.', ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்து மற்றவற்றை இ–சேவை மையத்தில் மே மாதத்துக்குள் திருத்திவிடுங்கள். தரவரிசை வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, தமிழ்நாட்டிலேயே படித்ததற்கான பள்ளிச் சான்று ஆகியவையும் கையில் இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது அந்தக் கடைக்காரர் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். கல்லூரி விருப்பத்தைப் பதிவு செய்யும் நாளில் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் கல்யாண வீட்டில் இருப்பார். விருப்பப் பட்டியலில் மூன்றே கல்லூரியோடு நிறுத்துவதும் தவறு. உண்மையில் போய்ச் சேரத் தயாராக உள்ள எல்லாக் கல்லூரிகளையும் விருப்ப வரிசைப்படி போடுங்கள். சேர மாட்டோம் என்று தெரிந்ததைப் போடாதீர்கள்.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிய பின் வேறிடத்தில் நல்ல இடம் கிடைத்தால் கலங்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்க வேண்டும். செயலாக்கக் கட்டணமாக 5 சதவீதம், அதிகபட்சம் ₹5,000 பிடிக்கலாம். அதன்பின் 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

வெளிநாட்டுக் கனவு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பி.ஆப்டம் பட்டத்தை மட்டும் வைத்துத் தொழில் செய்ய முடியாது. அங்கே ஓ.டி. என்ற நான்காண்டுத் தொழிற்படிப்பு வேண்டும். அதில் சேர ஓ.ஏ.டி. என்ற தேர்வு: இயற்கை அறிவியல், படித்துப் புரிதல், இயற்பியல், கணிதத் திறன் என நான்கு பகுதி, மதிப்பெண் 200 முதல் 400 வரை. அங்கும் இயற்பியலுக்குத் தனித்தாள் வைத்திருப்பதைக் கவனியுங்கள். வளைகுடா நாடுகளுக்கு உரிமத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் உண்டு. பாடவாரி மதிப்பெண் பட்டியலையும் இன்டர்ன்ஷிப் சான்றையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டு கழித்துக் கல்லூரியில் போய்க் கேட்டால் எழுத்தர் மாறியிருப்பார், கோப்பு கிடைக்காது.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இணைப்பு வெளியிடும்போது ஆப்டோமெட்ரிக்கு இரண்டு வரிக்குப் பதில் ஒரு சிறு அட்டவணை போடுங்கள். கல்லூரி, இணைந்துள்ள பல்கலைக்கழகம், தேவையான பிளஸ் டூ பாடங்கள், சேர்க்கை முறை, மாணவர் பயிற்சி பெறும் கண் மருத்துவமனை, இன்டர்ன்ஷிப் இடம் என ஆறு பத்தி போதும். விவரம் தரக் கல்லூரி மறுத்தால் அந்தக் கட்டத்தை வெற்றாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஆப்டோமெட்ரி கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை.